சிக்கனத்தின் எல்லை: வீட்டுச் சர்வரும் அமானிதமும்

சிக்கனமும் அமானிதமும் நம் மார்க்கம் வலியுறுத்தும் இரு பெரும் பண்புகள். ஒரே வீட்டில் பிறந்த உடன்பிறப்புகளைப் போல அவை பெரும்பாலும் ஒத்தே வாழும். தன் பொருளை அளந்து செலவிடுபவன் பிறர் பொருளையும் பேணத் தெரிந்தவனாக இருப்பான். ஆயினும் சில வேளைகளில் இவ்விரண்டும் எதிரெதிரே நின்று வழக்காடுவதுண்டு. செலவைக் குறை என்று ஒன்று சொல்லும். காவலைக் குறைக்காதே என்று மற்றது சொல்லும். அப்பொழுது எதன் பக்கம் தீர்ப்பளிப்பது? சிக்கனம் எந்த எல்லை வரை நன்மை? எந்த இடத்தில் அது கருமித்தனமாக, நம்பி ஒப்படைத்தவர்க்குச் செய்யும் கேடாக மாறிவிடுகிறது? இந்தப் பழைய கேள்வியை, நம் வீடுகளுக்குள் புதிதாக நுழைந்துள்ள ஒரு சிறு பெட்டியை முன்வைத்து ஆராய விரும்புகிறோம்.

சர்வர் என்றதும் உணவு விடுதியில் இலை போட்டுப் பரிமாறுபவரே முதியோர் நினைவுக்கு வருவார். கணினி உலகிலும் அச்சொல்லின் பொருள் அதிகம் மாறிவிடவில்லை. கேட்டவர்க்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் பணியாள்தான் அங்கும் சர்வர். இணைய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் அவற்றை அடுக்கி வைத்திருக்கின்றன. அதே பணியை ஒரு வீட்டளவில் செய்யும் சிறு கணினியையே வீட்டுச் சர்வர் என்கிறார்கள். இணைய இணைப்பு தரும் ரூட்டருக்கு அருகில் ஒரு மூலையில் அது இருக்கும். வீட்டிலுள்ளோரின் கைப்பேசிகளிலுள்ள ஒளிப்படங்களும் ஆவணங்களும் இரவோடிரவாக அதில் வந்து சேரும். வேண்டும்போது வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். இரவும் பகலும் ஓயாது விழித்திருப்பது அதன் இயல்பு.

இப்படியொரு பெட்டிக்கு நம் வீடுகளில் என்ன தேவை என்று கேட்கக்கூடும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் பிழைக்கச் சென்ற நம் முன்னோரின் கடிதங்களைத் தகரப் பெட்டியில் வைத்துப் போற்றிய குடும்பங்கள் நம்முடையவை. பின்னர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள் ஒலிநாடாவில் பேசி அனுப்பினார்கள். இன்றோ எல்லாம் கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது. பிள்ளை முதலடி வைத்த காட்சியை வாப்பா ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து கண்டதும், மௌத்தாகிவிட்ட உம்மாவின் குரலும், நிக்காஹ் பதிவின் நகலும், வீட்டுப் பத்திரமும், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலும் அதற்குள்தான் இருக்கின்றன. கைப்பேசி தண்ணீரில் விழுந்தால் அவ்வளவும் போயிற்று. எனவே வேறோரிடத்தில் பாதுகாக்க வேண்டும் என்னும் எண்ணம் நியாயமானதே. அதனை மாதந்தோறும் வாடகை கட்டிப் பெருநிறுவனத்தின் களஞ்சியத்தில் வைப்பதா, நம் வீட்டிலேயே வைப்பதா என்பதுதான் இளைஞர்களிடையே நிகழும் விவாதம். வருவாய் குறுகிய குடும்பங்களில் இவ்விவாதம் செலவுக் கணக்கில் தொடங்கிச் செலவுக் கணக்கிலேயே முடிந்துவிடுகிறது. அங்கு முடியலாகாது என்பதே நம் வாதம்.

ஓயாத விளக்கு

முதலில் சிக்கனத்தின் பக்கம் நின்று பேசுவோம். அதன் வழக்கு வலுவானது. வீண் செலவு செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்ற அளவுக்குத் திருமறை கடிந்துரைக்கிறது. உமையா மரபில் வந்த நேர்மைமிகு கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் பொதுப்பணி முடிந்து தம் சொந்த விஷயம் பேசத் தொடங்கியதும் அரசு எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டுத் தம் சொந்த விளக்கை ஏற்றினார்கள் என்று நூல்களில் வழங்கிவரும் வரலாறு நம் பிள்ளைகள் அறிந்ததே. ஒரு நாழிகை எரியும் விளக்குக்கே அத்தனை கணக்கென்றால், ஆண்டு முழுவதும் அணையாது எரியும் விளக்குக்கு எத்தனை கணக்கு வேண்டும்! சர்வர் அத்தகைய விளக்கு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் 2 மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்பட்டு வந்திருக்கிறது. 60 நாட்களுக்கு 1,440 மணி நேரம். 60 வாட் இழுக்கும் பழைய பெரிய மேசைக் கணினியை இடைவிடாது ஓடவிட்டால் அந்த 60 நாட்களில் 86 யூனிட்டுக்கு மேல் செலவாகும். 2016ஆம் ஆண்டு வீடுகளுக்கு இலவசமென்று அறிவிக்கப்பட்ட 100 யூனிட்டில் பெரும்பகுதியை இந்த ஒரு பெட்டியே விழுங்கிவிடக்கூடியது. 10 வாட் இழுக்கும் சிறிய கணினியானால் 14 யூனிட்டுக்குச் சற்று அதிகம். 5 வாட் ஆனால் 7 யூனிட் சொச்சம். அடுக்கு முறையில் கட்டணம் ஏறும் இடத்தில் இவ்வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரியும்.

ஆகவே உறவினர் வீட்டில் சும்மா கிடந்த பெரிய கணினி இலவசமாகக் கிடைத்தது என்று மகிழ்வதற்குமுன், அது ஆண்டுதோறும் கேட்கும் கூலியை எண்ணிப் பார்க்க வேண்டும். 60 வாட்டுக்கும் 10 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு ஆண்டுக்கு 438 யூனிட். அதே வேளையில், பழையதைப் பயன்படுத்துவது தன்னளவில் நற்செயல் என்பதையும் மறக்கலாகாது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவைக் குவித்ததாக ஐக்கிய நாடுகளின் கணக்கெடுப்பு கூறுகிறது. அலுவலகங்கள் கழித்துவிட்ட கையடக்கமான சிறு கணினிகள் சென்னை ரிச்சி தெரு போன்ற கடைத்தெருக்களில் மலிவாகக் கிடைக்கின்றன. வேலையற்றிருக்கும் வேளையில் அவற்றிற் பல 10 வாட் அளவிலேயே இயங்கிவிடும். பழைய மடிக்கணினியும் நன்று. மின்சாரம் நின்றாலும் தன் பாட்டரியில் சிறிது நேரம் தாங்கி ஒழுங்காக அணைய அதற்கு இயலும். பாட்டரி உப்பியிருந்தால் மட்டும் அது வீட்டுக்கு ஆபத்து. உடனே அகற்ற வேண்டும். எதை வாங்கினாலும், எத்தனை வாட் இழுக்கிறது என்பதை அளந்து காட்டும் சிறு கருவியைச் செருகிப் பார்த்துவிடுவது நலம். துலாக்கோலை நேராகப் பிடிக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்தோர் அனுமானத்தில் வாழலாகாது.

குறைந்த மின்சாரத்தில் இயங்கும் இக்கருவிகளின் பிறப்பு வரலாறே சிக்கனத்துக்குச் சான்று கூறுகிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏக்கார்ன் என்னும் நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்போர் ஆள்பலமும் பணபலமும் குறைந்த நிலையில் ஒரு புதிய கணினிச் சிப்பை வடிவமைத்தனர். விலை மலிந்த பிளாஸ்டிக் உறையில் அதனை அடைக்க வேண்டியிருந்ததால், சூடேறாதபடி மிகக் குறைந்த மின்சாரமே அது உண்ண வேண்டுமெனக் கருதினர். 1985 ஏப்ரலில் முதல் சிப்பு வந்து சேர்ந்தது. சோதனையின்போது அதற்கு மின்சாரம் தரும் இணைப்பே இல்லாதிருந்தும், மற்ற இணைப்புகள் வழியே கசிந்து வந்த மின்சாரத்தைக் கொண்டே அது இயங்கிக்கொண்டிருந்தது என்று அவர்கள் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இன்று நம் கைப்பேசிகளில் இருப்பது பெரும்பாலும் அந்தச் சிப்பின் வழித்தோன்றலே. பிள்ளைகள் கணினி கற்க வேண்டுமென்று அதே நகரில் உருவாக்கப்பட்டு, 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் வெளிவந்த ராஸ்ப்பெரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கணினியும் அம்மரபினதே. வீட்டுச் சர்வராகப் பலர் அதனையே வைத்திருக்கிறார்கள். குறைவுபட்ட நிலையிலிருந்து நிறைவானதொன்றைப் படைக்க முடியும் என்பதற்கு இதனினும் நல்ல உவமை கிடைப்பது அரிது.

மின்சாரம் குறைந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் மின்விசிறி வேண்டாம். விசிறி இல்லையேல் ஓசையில்லை. சுழலும் தட்டுகள் கொண்ட ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தினால் மெல்லிய முனகலும் இராது. இது வெறும் வசதியன்று. கூடமே படுக்கையறையாகவும் தொழுகையிடமாகவும் அமைந்த நம் சிறு வீடுகளில் இரவெல்லாம் இரைச்சலிடும் பெட்டி ஒருவருடைய உறக்கத்தையும் மற்றொருவருடைய தஹஜ்ஜுத் தொழுகையையும் கெடுக்கும். தீங்கு செய்யலாகாது, தீங்குக்குத் தீங்கும் இழைக்கலாகாது என்னும் நெறி பக்கத்து வீட்டாருக்கு மட்டும் உரியதன்று. பக்கத்துப் பாயில் படுத்திருப்பவருக்கும் உரியதே.

இதுவரை சிக்கனத்தின் வழக்கில் நாம் ஒரு குறையும் காணவில்லை. இனி அமானிதம் பேசட்டும்.

வைப்புப் பொருளின் சட்டம்

ஃபிக்ஹு நூல்களில் வதீஆ என்றொரு பாடம் உண்டு. ஒருவர் தம் பொருளைப் பாதுகாத்துத் தருமாறு மற்றொருவரிடம் ஒப்படைப்பதே வதீஆ. ஷாஃபிஈ மத்ஹபின் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக ஓதிவரும் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இப்பாடம் தொடங்கும் முறையே சிந்திக்கத்தக்கது. பாதுகாக்கும் ஆற்றலற்றவன் பிறர் பொருளை ஏற்பதே ஹராம். ஆற்றல் இருந்தும் தன் நாணயத்தில் தனக்கே நம்பிக்கையில்லாதவன் ஏற்பது மக்ரூஹ். இரண்டிலும் உறுதியுடையவன் ஏற்பது விரும்பத்தக்கது. பொருள் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பேசுமுன், ஏற்பவன் யார் என்பதையே சட்டம் கேட்கிறது.

அடுத்து, பொருள் தொலைந்தால் யார் பொறுப்பு? காவலனிடம் குற்றமில்லையெனில் அவன் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. அவன் வரம்பு மீறியிருந்தாலோ, அசட்டையாக இருந்திருந்தாலோ ஈடு கொடுத்தாக வேண்டும். அசட்டை என்பது எது? அங்கேதான் ஹிர்ஸ் என்னும் கருத்து வருகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் தகுதிக்கேற்ற காப்பிடம் உண்டு. அதுவே அதன் ஹிர்ஸ். கால்நடைக்குத் தொழுவம் காப்பிடம். தங்க நகைக்குத் தொழுவம் காப்பிடமாகாது, பூட்டிய பெட்டகமே ஆகும். தங்கத்தைத் தொழுவத்தில் வைத்துவிட்டு, நான் நல்லெண்ணத்தோடுதான் வைத்தேன் என்று சொல்வதைச் சட்டம் ஏற்பதில்லை.

இப்பொழுது நம் கேள்விக்கு வருவோம். மறுபடியும் எடுக்க முடியாத ஒளிப்படத்துக்கும், பதிவு செய்த குரலுக்கும் காப்பிடம் எது? வீட்டுச் சர்வரை ஒரு பிள்ளை அமைத்துத் தந்து, இனி உங்கள் படங்களெல்லாம் இதில் பத்திரமாக இருக்கும், கைப்பேசியில் இடமில்லையென்றால் அழித்துவிடுங்கள் என்று தன் உம்மாவிடமும் ராத்தாவிடமும் சொன்ன கணத்திலேயே அவன் வதீஆவை ஏற்றவனாகிறான். அவர்கள் அவன் சொல்லை நம்பி அழித்துவிடுவார்கள். அதன்பின் அந்தப் பெட்டியிலிருப்பது ஒன்றே பிரதி. அந்த ஒற்றைப் பெட்டி தகுந்த ஹிர்ஸ் ஆகுமா?

ஆகாது என்பதற்கு நம் கண்முன்னேயே சான்றுகள் உள்ளன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கல்வியாலும் மார்க்கப் பணியாலும் பெயர்பெற்ற அவ்வூர் வெள்ளத்தில் மிதந்தது. தரைத்தள மூலையில் ஒரு பெட்டியை வைத்திருப்பவர் அத்தகைய நாளை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் ஜூன் மாதத் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சு நூல்களிற் பல வேறிடங்களில் இருந்தமையால் அவற்றை மீண்டும் தேடிச் சேர்க்க இயன்றது. வேறு பிரதியில்லாத ஏடுகள் மீளவே இல்லை. அரபுத் தமிழில் நம் முன்னோர் எழுதிய ஏடுகளிற் பலவும் கறையானுக்கு இரையானபோது நேர்ந்தது இதுவே. அவற்றைக் காத்தவர்கள் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். ஒன்றே ஒன்று என்னும் நிலைதான் அவற்றைக் கொன்றது.

திருமறை பாதுகாக்கப்பட்ட வரலாறு நமக்கு வேறு பாடம் சொல்கிறது. யமாமாப் போரில் மனனம் செய்தோர் பலர் ஷஹீதானபோது, உமர் (ரலி) அவர்களின் வற்புறுத்தலால் அபூபக்ர் (ரலி) அவர்கள் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களைக் கொண்டு அதனை ஏடுகளில் தொகுக்கச் செய்தார்கள். மனனம் இருக்கிறதே என்று அவர்கள் வாளாவிருக்கவில்லை. உஸ்மான் (ரலி) அவர்களோ பல பிரதிகள் எழுதுவித்து வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்பினார்கள். பாதுகாப்பது அல்லாஹ்வின் வாக்கு என்று அறிந்திருந்தும், நெஞ்சிலும் ஏட்டிலும், மதீனாவிலும் பிற நகரங்களிலுமாகக் காவலைப் பரப்பினார்கள் ஸஹாபாப் பெருமக்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதன் விரிவுரை இது எனலாம்.

கணினித் துறையினரும் தம் அனுபவத்தால் இதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றேனும் வேறிடம் என்பது அவர்களுடைய விதி. ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்குகளை வைத்து ஒன்றின் நிழலாக மற்றொன்றை ஓடவிடும் ஏற்பாடு ஒன்றுண்டு. ஒரு டிஸ்க் பழுதானால் அது கைகொடுக்கும், மெய்தான். ஆனால் தவறுதலாக ஒன்றில் அழித்தது மற்றதிலும் அக்கணமே அழியும். வெள்ளமோ தீயோ திருடனோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். நிழலை இரண்டாம் ஆளாகக் கணக்கிட முடியுமா?

பெருநிறுவனத்திடம் வைத்தால் இக்கவலை இல்லையே என்பார் உளர். அவர்களிடம் கற்றோரும் காவலும் மிகுதி என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் கணினி நிலையம் ஒன்று தீக்கிரையானபோது, வேறிடத்தில் பிரதி வைக்காத வாடிக்கையாளர் பலர் தம் தரவுகளை இழந்தனர். 2015ஆம் ஆண்டு வரை தன்னிடம் ஏற்றப்பட்டிருந்த பாடல்களும் படங்களும் இடமாற்றத்தின்போது அழிந்துபோயின என்று மைஸ்பேஸ் நிறுவனம் 2019இல் ஒப்புக்கொண்டது. ஒளிப்படங்களை வரம்பின்றி இலவசமாக ஏற்றுவந்த ஏற்பாட்டைக் கூகுள் நிறுவனம் 2021 ஜூன் முதல் தேதியோடு நிறுத்திக்கொண்டது. இவற்றைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. காவலன் பெரியவனா சிறியவனா என்பதைவிட, பிரதி ஒன்றா பலவா என்பதே முதற் கேள்வி என்பதை உணர்த்தவே சொல்கிறோம்.

கருமித்தனம் தொடங்கும் இடம்

இப்பொழுது சிக்கனத்தின் எல்லையை வரையலாம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் கருமித்தனத்தை ஆராயும்போது, குறைவாகச் செலவிடுவதையெல்லாம் அப்பெயரால் அழைக்கவில்லை. மார்க்கமோ மனிதப் பண்போ எங்கே கொடுக்க வேண்டுமென்று கட்டளையிடுகிறதோ, அங்கே கையை இறுக்குவதே கருமித்தனம் என்பது அவர்கள் தரும் விளக்கத்தின் சாரம். கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளவும் வேண்டாம், முற்றாக விரித்துவிடவும் வேண்டாம் என்ற கருத்தில் திருமறை நடுவழியைக் காட்டுகிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பெட்டி சிறியதாயிருப்பதும், பழையதாயிருப்பதும், மெதுவாக இயங்குவதும் குற்றமல்ல. படம் திறக்க இரண்டு நொடி தாமதமானால் எவருடைய உரிமையும் கெடுவதில்லை. விலை கொடுத்து வாங்கும் மென்பொருளுக்குப் பதிலாக, 1993 முதல் தன்னார்வலர்கள் கூடி உருவாக்கிவரும் டெபியன் போன்ற இலவச மென்பொருளை நிறுவுவதும் குற்றமன்று. உலகெங்குமுள்ள முகமறியா மக்கள் எல்லார்க்கும் பொதுவாக விட்டுச்சென்ற அவ்வுழைப்பு, வழிப்போக்கர்க்கு வெட்டிவைத்த கிணற்றை நினைவூட்டுகிறது. இவையெல்லாம் நம் வசதியைக் குறைத்துக்கொள்ளும் சிக்கனங்கள், நமக்கு உரிமையானவை.

இரண்டாவது டிஸ்க் வாங்காமல் மிச்சம் பிடிப்பது அவ்வகையினதன்று. அது பிறருடைய பொருளில் மிச்சம் பிடிப்பது. அடிக்கடி எழுதி எழுதித் தேய்ந்துபோகும் சிறு மெமரி கார்டை நம்பி ஒரு குடும்பத்தின் நினைவுகளை ஒப்படைப்பதும், பெயரறியாத மலிவான சார்ஜரில் பெட்டியை இரவும் பகலும் ஓடவிடுவதும் அதே வகையின. முன்னது அமானிதத்தையும் பின்னது வீட்டையுமே பணயம் வைக்கிறது. ஆகவே, குறுகிய பணத்தோடு தொடங்குவோர்க்கு நாம் கூறும் முறை இதுவே: கணினிக்கென ஒதுக்கிய பணத்தில் முதலில் இரண்டு டிஸ்க்குகளின் விலையை எடுத்து வையுங்கள், எஞ்சியதற்கு எந்தப் பெட்டி கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வேகமான பெட்டியை வாங்கிவிட்டு, இரண்டாம் டிஸ்க்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறார்கள். அடுத்த மாதம் வருகிறது. இரண்டாம் டிஸ்க் வருவதில்லை.

அந்த இரண்டாம் டிஸ்க்கை வாரமோ மாதமோ ஒருமுறை செருகிப் பிரதியெடுத்துக் கழற்றி, வெளியூரிலுள்ள சாச்சாவின் வீட்டிலோ மாமி வீட்டிலோ வைக்கலாம். அவர்களுடையதை நம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். டிஸ்க்குகள் இரண்டேனும் கூடுதலாக இருந்தால் மாற்றி மாற்றிக் கொண்டுசெல்ல எளிதாகும். செலவில்லாத ஏற்பாடு, உறவைப் புதுப்பிக்கவும் ஒரு காரணம். எடுத்துச் செல்லும் டிஸ்க்கைக் கடவுச்சொல்லால் பூட்டிவிட்டால், காவல் புரிபவர்க்கும் உள்ளிருப்பது தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து ஏதேனும் ஒரு படத்தைத் திறந்து பார்த்துவிடுவதும் கடமை. திறந்து பார்க்காத பிரதி, எண்ணிப் பார்க்காத பணப்பை போன்றது.

முத்திரை உடையாமை

காவலின் மற்றொரு பாதி இன்னும் நுட்பமானது. வதீஆவின் சட்டத்தில், முத்திரையிட்டு ஒப்படைக்கப்பட்ட பையின் முத்திரையைக் காரணமின்றி உடைத்தவன் வரம்பு மீறியவனாகிறான். பொருள் ஒன்றும் குறையாவிட்டாலும் உடைத்தது உடைத்ததே.

நம் படங்களையும் கடிதங்களையும் அயல் நிறுவனம் பார்த்துவிடக்கூடாது என்பதற்காகவே வீட்டுச் சர்வரை நாடுவோர் பலர். நம் பெண்மக்களின் படங்களைப் பற்றிய கவலை அதில் முதன்மையானது, நியாயமானதும் ஆகும். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. நிறுவனத்தின் கண்ணிலிருந்து எடுத்து யாருடைய கண்ணின் கீழ் வைக்கிறோம்? பெட்டியின் முழுச் சாவியும் வைத்திருக்கும் பிள்ளை, தங்கையின் கடிதத்தையும் மச்சியின் மருத்துவ அறிக்கையையும் மூத்த காக்காவின் கடன் கணக்கையும் ஒரு விரலசைவில் திறக்கக்கூடியவன். பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் வந்துள்ள தடை தெருவோடு நின்றுவிடுவதன்று, வீட்டுக்குள்ளும் செல்லும். ஒரே வீட்டார்கூட மூன்று வேளைகளில் அனுமதி கேட்டே அறைக்குள் நுழைய வேண்டுமென்று அந்நூர் அத்தியாயம் ஒழுங்கு செய்திருக்கிறது. எனவே ஒவ்வொருவர்க்கும் தனித்தனிக் கணக்கும் தனித்தனிக் கடவுச்சொல்லும் அமைத்துத் தருவதும், பழுது பார்க்கும் வேளையில் கண்ணைத் தாழ்த்திக்கொள்வதும் சர்வர் நடத்துவோர்க்கு முதல் ஒழுக்கம். தன் நாணயத்தில் தனக்கே நம்பிக்கையில்லாதவன் ஏற்பது மக்ரூஹ் என்று இமாமவர்கள் கூறியதன் பொருள் இங்கே விளங்கும்.

வெளிக்கதவும் உண்டு. இரவில் கதவுகளை அடைக்கவும், பாத்திரங்களை மூடவும், விளக்கை அணைக்கவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். எலி திரியை இழுத்து வீட்டையே எரித்துவிடக்கூடும் என்று காரணமும் சொன்னார்கள். சிறியதென்று எண்ணிய வழியாகவே பெருங்கேடு நுழையும் என்பது அதன் உட்பொருள். வீட்டுச் சர்வரை வெளியுலகிலிருந்து நேரே அணுகும்படி இணையத்துக்குத் திறந்துவைப்பது அத்தகைய வழி. தேவையில்லாதவர் திறக்கவே வேண்டாம். வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்தினாலே பெரும்பயன் கிடைத்துவிடும். வெளிநாட்டிலுள்ள வாப்பாவுக்கு வேண்டுமெனில், சாவியுள்ளவர் மட்டும் நுழையக்கூடிய மறைவழி அமைக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே உள்ளன. மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்க நேரமில்லாதவர், கதவைப் பூட்ட நேரமில்லாத காவலரே.

எழுதிவைக்க வேண்டியது

சொத்துள்ள முஸ்லிம் தன் வஸிய்யத்தை எழுதி வைக்காமல் இரண்டிரவுகூடக் கழிக்கலாகாது என்ற கருத்தில் ஹதீஸ் வந்துள்ளது. வீட்டுச் சர்வர் நடத்துபவர் மௌத்தாகிவிட்டால் அப்பெட்டியின் கதி என்ன? கடவுச்சொல் அவருடைய நெஞ்சோடு போய்விட்டால், நன்றாகப் பூட்டிய பெட்டகம் வாரிசுகளுக்கு வெறும் இரும்பே. அந்நியரிடமிருந்து காத்தவர் உரியவரிடமிருந்தும் காத்துவிட்டார்! அமானிதங்களை அவற்றுக்குரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டுமென்பதே அன்னிஸா அத்தியாயத்தின் கட்டளை. காப்பது அதற்கு முன்னுள்ள படிதான். ஆகவே கடவுச்சொற்களையும், எந்த டிஸ்க் எங்கேயிருக்கிறது, எப்படித் திறப்பது என்பதையும் எளிய தமிழில் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டிப் பத்திரங்களோடு வைத்துவிட வேண்டும். கணினியறியாத உம்மா அத்தாளை வேறொரு பிள்ளையிடம் கொடுத்தால் அவன் திறக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. ஆயினும் வீட்டுச் சர்வர் நடத்துவோர் பலர் தவறவிடும் கடமை இதுவே என்று அஞ்சுகிறோம்.

இவ்வளவையும் படித்தபின், இது நம்மால் இயலாது என்று ஒருவர் எண்ணினால் அதில் இழிவில்லை. ஆற்றலற்றவன் ஏற்காதிருப்பதே சட்டம். அவர் தம்மால் இயன்ற வாடகையைக் கட்டி ஒரு நிறுவனத்தில் வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு இரு முறையேனும் ஒரு டிஸ்க்கில் பிரதியெடுத்து வீட்டில் வைக்கட்டும். அதுவும் ஹிர்ஸ்தான். இயலும் என்று முன்வருபவரோ, மின்சாரத்திலும் வேகத்திலும் அழகிலும் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கட்டும். இரண்டாம் பிரதியிலும், பிறர் மறைவைப் பேணுவதிலும், உரியவர் கையில் சேர்ப்பதிலும் மிச்சம் பிடிக்க அவர்க்கு உரிமையில்லை. தன் வசதி குறைவதற்குப் பெயர் சிக்கனம். நம்பியவரின் காவல் குறைவதற்கு அப்பெயர் பொருந்தாது.

மூலையில் ஓசையின்றி விழித்திருக்கும் பெட்டி 5 வாட்டில் வாழ்ந்துவிடும். அதனை வைத்தவர் ஏற்ற பொறுப்பை வாட்டில் அளக்க இயலாது. ஏற்ற அமானிதத்தை நிறைவேற்றி, கணக்குக் கேட்கப்படும் நாளில் தலைகுனியாது நிற்கும் நற்பேற்றை அல்லாஹுத் தஆலா நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.